கறுத்த விரல்கள்

காபி வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தேன். கேட்டதைச் சொல்கிறேன். அழுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பள்ளியில் நான் ரசாயன ஆய்வக உதவியாளர். என் பையன் அத்வைத் அங்கேயே பதினொன்றாம் வகுப்பு. அவனுக்குத் திக்குவாய். "உ-உள்ளேன் ஐயா" என்று முடிப்பதற்குள் வகுப்பே சிரித்து ஓய்ந்துவிடும். பெற்ற வயிறு சார், பற்றி எரிந்தது.

அப்போது கேபிளில் சாயங்காலம் ஒரு பொம்மைப் படத் தொடர் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் சின்னச் சின்ன மர்மங்களைக் கண்டுபிடிப்பார்கள். குடை எப்படி மாறியது, நூலகத்தை யார் பூட்டியது, அவ்வளவுதான். விடை வருமுன்பே அத்வைத் எனக்கு விளக்குவான். துப்பு சொல்லும்போது மட்டும் அவனுக்குத் திக்காது. இதைக் கண்டுபிடித்தவள் நான், எந்த டாக்டரும் இல்லை.

ஆகவே மர்மங்களை நானே உண்டாக்கினேன். மணியடிக்கும் இரும்புத் தடியை ஒளித்தேன். உயிரியல் ஆய்வகத் தவளைகளை ஆசிரியர் அறையில் விட்டேன். அவனுக்குத் தடயமும் வைத்தேன். பிரேயரில் எல்லார் முன்னாலும் கணீரென்று பேசினான், கைதட்டினார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதை ஊருக்கும் காட்டினேன். என்ன தப்பு?

ஆனால் பூனை, காற்று, வாட்ச்மேனின் மறதி என்றே விடை வந்தால் எத்தனை நாள் கைதட்டுவார்கள்? ஒரு திருடன் தேவைப்பட்டான்.

தாமோதரன் படாளத்திலிருந்து பஸ்ஸில் வருகிற விவசாயி மகன். அத்வைத் திக்கினால் சிரிக்காத ஒரே பையன். சொன்ன வேலையை ஏன் எதற்கென்று கேட்காமல் செய்வான். அதனால்தான் அவன்.

சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் உடனே தெரியாது. வெயில் பட்டதும் கறுக்கும், சோப்புக்குப் போகாது. அது இருந்த பாட்டிலை அவனிடம் கொடுத்துக் கழுவச் சொன்னேன். அவன் போனபின் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருந்த வெள்ளிப் பரிசுக் கேடயத்தை எடுத்து அவன் பெஞ்சுக்கடியில் வைத்தேன். பீரோக் கைப்பிடியில் அதே மருந்தைத் தடவினேன், அதுதான் அத்வைத்துக்கு வைத்த தடயம்.

"எல்லாரும் கைய நீட்டுங்க. திருடன் விரல் கறுத்திருக்கும்." மறுநாள் காலை அத்வைத் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் சார், ஒரு எழுத்து பிசகவில்லை.

சாயங்காலம் தாமோதரன் ஆய்வகத்துக்கு வந்தான்.

"மேடம், நீங்கதான பாட்டில் கழுவச் சொன்னீங்க? எச்செம் கைல ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். டிசி குடுக்கறேன்றாரு. எங்க நைனா மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"எனக்கு ஞாபகமில்லைப்பா" என்றேன்.

வேறு பள்ளியில் சேர்ந்திருக்கலாம். வயல் கிணற்றில் குதி என்று நானா சொன்னேன்? அவன் அப்பா அப்பாசாமி மண்ணை வாரித் தூற்றினார். தூற்றட்டும்.

தடவும்போது என் விரல் நுனியிலும் பட்டிருந்தது. மறைக்க மருதாணி வைத்துக்கொண்டேன். சாவு வீட்டுக்குப் போய் வந்த அத்வைத், பிசைந்த சோற்றோடு என் விரலையே பார்த்தான். சிவப்புக்குள் கறுப்பு தெரிந்தது.

"து-துக்கத்துல ஏம்மா ம-மருதாணி?" என்றான். தட்டை விட்டு எழுந்துவிட்டான்.

விடிந்ததும் உங்களிடம் வந்திருக்கிறான். ஆமாம், அவன் சொன்னதெல்லாம் நிஜம். அந்தப் பையனைத் திருடனாக்கியவள் நான். அவன் கெஞ்சியபோது ஞாபகமில்லை என்று பொய் சொல்லி அனுப்பியவளும் நான்தான். காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று சார். ஆரம்பம் முதல் கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னானே, எங்கேயாவது திக்கினானா?

இல்லைதானே. பார்த்தீர்களா!