குதிப்பதற்கு முன் கீழே பார்க்க வேண்டும்

இன்னொருவர் போட்டுக் கழற்றிய காலணியைப் போடுவது எனக்குப் பிடிக்காது. அந்த கிளப்புக்குப் போன முதல் நாளே வாடகைக் காலணி ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். முனை கூராக, விரல்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நெருக்குகிற காலணி. "இறுக்கமா இருந்தாத்தான் சுவத்துல கால் நிக்கும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. மறுபேச்சு பேசாமல் மாட்டிக்கொண்டேன். நான் யாரிடமும் மல்லுக்கு நிற்கிற ஆள் இல்லை ஐயா.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. அந்த கிளப்பில் சுவர் ஏறக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பெரிய இடம். கீழே நீச்சல்குளம், மேலே உடற்பயிற்சிக் கூடம், பூப்பந்து ஆடும் இடம், ஈரத்தலையோடு வருகிறவர்கள் உட்கார்ந்து காபி குடிக்க ஒரு கடை. எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்தச் சுவரேறும் கூடம். உயரமான பலகைச் சுவர், சில இடங்களில் நம் தலைமேல் கவிந்து நிற்கும். கைக்கும் காலுக்கும் பிடிமானமாகப் பல நிறங்களில் கட்டிகளைத் திருகியிருந்தார்கள். கயிறு கிடையாது. விழுந்தால் தாங்கத் தரை முழுக்க மெத்தை. உச்சியில் ஒரு மேடை, ஏறத் தெரியாதவர்களுக்காகப் பின்பக்கம் படிக்கட்டு. அங்கே ஒரு விஷயத்தில் மட்டும் மாப்பிள்ளை கறாராக இருப்பார். "கீழ ஆள் இருக்காங்களான்னு பார்த்துட்டுத்தான் குதிக்கணும்" என்று எனக்கும் சொல்லிவைத்தார்.

அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போட்டது நான். குட்டி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டதும் நான்தான். அவளுடைய தோழிகளில் யார் வேண்டும், யார் வேண்டாம் என்று பார்த்து நானே வடிகட்டினேன். கடைசியில் யாரும் மிஞ்சவில்லை, ஆனால் அது என் குற்றமில்லை. வீட்டுக்கு வர நேரமானால் வாசலிலேயே நிற்பேன். ஓரிரு தடவை அறைந்ததும் உண்டு. ஒரு பக்கக் காது சரியாகக் கேட்கவில்லை என்றாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை, சரியாகியிருக்கும்.

கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள். நான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன். அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு காலியானதும் அங்கேயே குடிபோனேன். மாப்பிள்ளை நல்ல மனுஷர், அதை நான் மறுக்கவில்லை. என் பெட்டிகளை அவர்தான் மாடிக்குத் தூக்கிவந்தார்.

கிளப்புக்கு என்னை அழைத்ததும் அவர்தான். தங்கை சுவர் ஏறுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். பல்லி மாதிரி ஏறினாள். தெருவைக் கடக்கும்போதுகூட என் கையை விடாத பெண். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கை வழுக்க, அவள் திரும்பிப் பார்த்தாள். என்னை அல்ல. "விடு, நான் பார்த்துக்கறேன்" என்றார் அவர். அந்தரத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டாள். மெத்தையில் விழுந்து புரண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரிப்பாள் என்பது எனக்குத் தெரியாது.

காபிக் கடையில் உட்கார்ந்ததும் சொன்னார்கள். வேறு ஊரில் இதைவிடப் பெரிய சுவர், அதற்கு இவர்தான் பொறுப்பாளராம். அவளுக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டதாம்.

"நீயும் அப்பப்ப வந்துட்டுப் போண்ணா" என்றாள்.

வந்துட்டுப் போ. விருந்தாளியிடம் சொல்கிற பேச்சு அது. காபியைக் குடித்து முடித்துவிட்டு, ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன்.

சில நாள் கழித்து ஒரு மதியம் தனியாகப் போனேன். காலை வகுப்புகள் முடிந்து, மாலைக் கூட்டம் வராத நேரம். கூடத்தில் அவர் மட்டும் ஏணியில் நின்று கட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு ஏக சந்தோஷம். நான் படிக்கட்டு வழியாக மேடைக்குப் போனேன். அவர் சுவர் வழியாக ஏறிக்கொண்டே பேசினார்.

"போக வேண்டாம் மாப்பிள்ளை. அவ நான் இல்லாம இருந்ததில்ல" என்றேன்.

அவர் ஏறுவதை நிறுத்தினார். "மச்சான், தப்பா நினைக்காதீங்க. போகணும்னு கேட்டதே அவதான். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கா. உங்ககிட்ட சொல்ல அவளுக்குப் பயம்."

"என்ன பயம்?"

"அது உங்களுக்கே தெரியும் மச்சான்."

அந்த நிமிஷம்தான் அவர் பொய் சொல்கிறவர் என்று புரிந்தது. அவள் எனக்கு மரியாதை கொடுப்பாள். பயப்பட மாட்டாள்.

அவர் ஒரு கையால் மேடை விளிம்பைப் பிடித்து, மறு கையை நீட்டினார். "கை குடுங்க." கொடுத்தேன். அவருடைய பாரம் முழுக்க என் கைக்கு வந்தது. விளிம்பில் இருந்த விரல்களை மிதித்துவிட்டு, பிடித்திருந்த கையை விட்டேன்.

உடம்பைத் திருப்ப அவகாசம் இல்லாமல் அவர் விழுந்ததால், முழங்கை உடம்புக்கு அடியில் மாட்டி மடங்கிவிட்டது. எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்போதும் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. "கால் வழுக்கிடுச்சா மச்சான்? யாரையாவது கூப்பிடுங்க" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

நான் கீழே பார்த்தேன். ஆள் இருந்தார். குதித்தேன்.

இரண்டு குதிகாலும் அவர் நெஞ்சில் இறங்கின. பச்சைக் குச்சிகளைக் கட்டாக ஒடித்தது போலச் சத்தம். மெத்தை நல்ல மெத்தை, எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. எழுந்து படிக்கட்டில் ஏறினேன். அவசரப்படவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது அவர் ஒரு கையால் ஊர்ந்து கொஞ்சம் நகர்ந்திருந்தார், அதனால் நானும் மேடையில் நகர்ந்து நின்றுகொண்டு குதித்தேன். இந்தத் தடவை வயிற்றில். வாயிலிருந்து வந்த ரத்தம், ஏறுகிறவர்கள் வழுக்காமலிருக்கக் கையில் பூசுகிற வெள்ளை மாவில் கலந்து குழைந்துவிட்டது.

அத்தோடு விட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் குட்டி என்று கூப்பிட்டார். அது நான் வைத்த பெயர் ஐயா. அதற்காக இன்னொரு முறை படியேறினேன். கடைசியாகக் குதித்தது முகத்தில். பிறகு அவர் கூப்பிடவில்லை.

முகம் கழுவிக்கொண்டு தங்கைக்கு நானே போன் செய்தேன். இப்படிப்பட்ட செய்தியை அந்நியர் வாயால் அவள் கேட்கக் கூடாது. "விழுந்துட்டார்மா" என்றேன். அந்தக் கூடத்தில் கேமரா இருப்பது எனக்குத் தெரியும். அதனால் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. செய்தது நான்தான், நிதானத்தோடுதான் செய்தேன். அவளுக்கு நீங்கள் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டாம் என்பதுதான் என் குறை.

என்னைப் பார்க்க அவள் இன்னும் வரவில்லை. வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டாள் என்று உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் சொன்னார். தனியாக இருக்கிற பெண், ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதான். நான் வெளியே வந்ததும் எனக்கு ஒரு சாவி கொடுப்பாள்.