ஜெர்மனியில் ஒரு சங்கம், விருத்தாசலத்தில் ஒரு மாடி

திட்டக்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். தன் மகள் ஜெர்மனியில் சங்கம் ஆரம்பித்திருப்பதை ஜன்னலோரம் இருந்தவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்.

"நெறத்தப் பாத்து வூடு இல்லன்னுடறாங்களாம் அக்கா. துருக்கிக்காரங்க, ஆப்பிரிக்காக்காரங்கன்னு வூடு வூடா போயி ஆள் சேத்து, ஊர்வலமே போனா. நம்ம புள்ளைக்கு என்னா தைரியம்!"

"நல்ல காரியந்தான். ஆமா, உங்க மாடி வூட்ட பீங்கான் கம்பெனியில வேலை பாக்கற பொண்ணு கேட்டுச்சே, குடுத்துட்டீங்களா?"

"நல்ல பொண்ணுதான். எந்தத் தெருன்னு கேட்டேன், காலனின்னுச்சு. ஆள் வந்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா படிச்சவங்களாம். போன்ல ஒரே சத்தம். 'நீ அங்க போராடுடி, எனக்கும் பெருமைதான். இது நாலு பேரு பாக்கற எடம்'னேன்."

"என்னா சொன்னுச்சு?"

"வச்சிட்டா. பத்து நாளா போன எடுக்கறதில்ல." அவர் செல்போனைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சங்கத்துல வேலை ஜாஸ்தி போலருக்குது."