பதின்மூன்றாவது குருவி

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு பட்டியல் வாசிக்கிறேன். வணக்கம் சொல்லிவிட்டால் குரல் குழைந்துவிடும். குழைந்த குரலில் குற்றம் சாட்டும் பழக்கம் எனக்கில்லை.

ஒன்று. சென்ற ஆண்டு மார்ச் நான்காம் தேதி. சங்க அலுவலக அறையில் வைத்துக் கேட்பதற்கென்று நான் கொடுத்த பறவைக் குரல் பதிவுகள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மலைப்பாதையில் பன்னிரண்டு மரங்களில் ஒலிபெருக்கி கட்டி ஒலிபரப்பப்பட்டன.

இரண்டு. மே பத்தொன்பது. காற்றடிக்கும் நாளில் குருவி சரியாகக் கேட்கவில்லை என்று பார்வையாளர் ஒருவர் புகார்ப் புத்தகத்தில் எழுத, ஒலி இரு மடங்காக்கப்பட்டது.

மூன்று. ஆகஸ்ட் இருபத்தேழு. உண்மையான குருவிகள் அந்தச் சரிவைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டன என்று நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்கு, ‘கோப்பில் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது.

நான்கு. நவம்பர் எட்டு. காலை எட்டு மணி முதல் மாலை நான்கு பத்து வரை, காட்சி மேடைக்குக் கீழே நாற்பதடியில், ஒரு பாறைத் திட்டில் விழுந்து கிடந்து என் மனைவி உதவிக்கு அழைத்தாள். அன்று அந்த வழியே போன இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவரும் இறங்கிப் பார்க்கவில்லை.

ஐந்து. நவம்பர் இருபத்திரண்டு. செயற்குழுத் தீர்மானம், அப்படியே வாசிக்கிறேன்: “எட்டாம் தேதி மாலை ஏற்பட்ட மின்தடையால் பார்வையாளர்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். இனி இவ்வாறு நேராதிருக்க ஜெனரேட்டர் வாங்கப்படும்.” வருத்தம், மின்தடைக்கு.

ஆறாவதும் உண்டு. அதே நவம்பர் எட்டு, பிற்பகல் இரண்டு இருபது. அதன் குற்றவாளி இந்த மேடையில்தான் இருக்கிறார். உரிய இடத்தில் எழுப்பி நிறுத்துகிறேன்.

இப்போது வணக்கம்.

மலையேறுவோர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! தீர்மானங்களைத் திருத்தமாக எழுதும் செயலாளர் அவர்களே! ஏறி ஏறியே முழங்காலைத் தேய்த்துவிட்டு, இன்றும் ஏணியைக் கண்டால் ஏறத் துடிக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளை மலைக்கு அனுப்பிவிட்டு, மனத்தை வாசலிலும் கையை அடுப்பிலும் வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! மேடையோரம் துணி போர்த்து, திறப்புவிழாவுக்காகத் தவமிருக்கும் புத்தம்புதிய ஜெனரேட்டர் அவர்களே! அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

பின்வரிசையில் யாரோ, “சார், சத்தமாப் பேசுங்க” என்கிறார். இல்லை ஐயா. சத்தத்தைக் கூட்டியதால் வந்த வினையைத்தான் பேச வந்திருக்கிறேன். மைக் தம்பி, இன்னும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கேட்க விரும்புகிறவர்கள் முன்னால் வந்து உட்காரட்டும்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். இருபத்தாறு ஆண்டுகளாகப் பறவைகளின் குரலைப் பதிவு செய்து திரிகிறவன். அவற்றில் நம் மலையின் நீலக்குருவியைப் போல என்னைப் பித்தாக்கிய பறவை வேறில்லை. அது பாடுவதில்லை, சீட்டியடிக்கிறது. வேலை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியையும் மறந்து, எங்கேயோ பார்த்தபடி ஒரு மனிதன் அடிப்பானே, பாதியில் தொடங்கிப் பாதியில் விடும் சீட்டி, அதேதான். முதன்முதலாகக் கேட்பவர் யாராயிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். அங்கே மனிதர் இருக்கமாட்டார், மூடுபனி மஞ்சு இருக்கும்.

அதைப் பதிவு செய்த காலை இன்னும் என் கண்ணுக்குள் விடிந்துகொண்டே இருக்கிறது. கீழே பள்ளத்தாக்கு இல்லை, மேலே சிகரம் இல்லை; பால் பொங்கி நின்ற நிலையில் உறைந்தது போல எங்கும் வெண்மை. அந்த வெண்மையின் நடுவில் நான், என் கருவி, கருவிக்குக் குடை பிடித்தபடி என் மனைவி.

“ஏங்க, எனக்குத் தும்மல் வருது.”

“அடக்கிக்கோ.”

“கல்யாணத்தப்பவே சொல்லியிருக்கலாம்ல, தும்மக்கூடக் கூடாதுன்னு? நான் யோசிச்சிருப்பேன்.”

அடக்கிக்கொண்டாள். குருவி வந்தது. கிளை தெரியவில்லை, இறகு தெரியவில்லை. வெறும் குரல் மட்டும் மிதந்து வந்தது, ஊரே உறங்க ஒருவர் மட்டும் கனவில் பேசுவதைப் போல. நாற்பது நிமிடம். முடிந்ததும் அவள் கண்ணில் நீர். பரவசம் என்று நினைத்தேன். தும்மல்.

சிரியுங்கள். அவளும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்பர்களே! நாம் ஏன் மலைக்குப் போகிறோம்? கொடி நடவா? புகைப்படம் எடுக்கவா? கீழே கிடைக்காத எது மேலே கிடைக்கிறது? காற்றா? கடற்கரையில் இலவசம். உயரமா? மாடிப்படியில் ஏறலாம். கீழே நம்மைச் சுற்றி எல்லாமே நமக்காகப் பேசுகின்றன: விளம்பரம் நமக்காக, அறிவிப்பு நமக்காக, லிஃப்ட்டின் குரல்கூட நமக்காக. அங்கே எதுவும் நமக்காகப் பேசுவதில்லை. அருவி தன் பாட்டுக்கு விழுகிறது. முகில் தன் பாட்டுக்கு அலைகிறது. நம்மைப் பொருட்படுத்தாத அந்தப் பேரழகின் முன்னால் நிற்கும்போதுதான், நமக்குக் காது என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது! அந்தக் காதை நம்பித்தான் மலையேறுகிறவன் உயிரை எடுத்துக்கொண்டு போகிறான். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை அழை. ஒரு நிமிடம் பொறு. மறுபடி ஆறு முறை. உலகெங்கும் மலையேறுவோர் அறிந்த விதி. நம் சங்கக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவன் நான்.

நவம்பர் எட்டாம் தேதி விடியலில் அவள் தனியாகக் கிளம்பினாள். ஐம்பத்து மூன்று வயது. அந்த மலையில் அது அவளுக்கு நூற்றுச் சொச்சமாவது ஏற்றம். “மூணு மணிக்குள்ள காட்சி மேடைக்கு வந்துடுவேன். பிளாஸ்க் எடுத்துட்டு வாங்க, பேச்சு வேண்டாம்” என்றாள். எட்டு மணிக்குப் பனியில் நனைந்த ஒரு கல் அவள் காலை வாரியது. விழுந்தாள். கணுக்கால் உடைந்தது, விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டன. பை பள்ளத்தில் போனது, உலோக ஊதல் அதோடு போனது. கைப்பேசிக்கு அங்கே சமிக்ஞை கிடையாது. விலா வலியில் கத்த முடியவில்லை. மிஞ்சியது உதடு. உதட்டைக் குவித்தாள். ஆறு முறை. ஒரு நிமிடம். ஆறு முறை.

பிறகு நடந்ததை அவள் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். பத்து மணிவரை வலி இருந்ததாம். அப்புறம் மஞ்சு வந்து, தெரிந்தவர் போலப் பக்கத்தில் உட்கார்ந்ததாம். பாறை தெப்பமானதாம். மலை முழுவதும் மெல்ல மிதந்து எங்கோ போய்க்கொண்டிருக்க, அதன் ஓரத்தில் கால் தொங்கவிட்டுத் தானும் போவதாக இருந்ததாம். மேலே மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் என் பதிவு. கீழே அவள் உதட்டில் சீட்டி. எது அது, எது தான் என்றே ஒரு கட்டத்தில் தெரியவில்லையாம்.

நண்பகல் தாண்டியதும் ஒரு நீலக்குருவி வந்தது. உண்மைக் குருவி! மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்தச் சரிவில் எவரும் கண்டிராத குருவி. கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அவளைக் கேட்டது. அவள் சீட்டியடித்தாள். அது பதில் சொன்னது.

“சரியா சொல்லலைங்க. தப்புத் தப்பா. ஆனா ஒவ்வொரு தடவையும் நான் முடிக்கறவரைக்கும் காத்திருந்துச்சு” என்றாள்.

முடிக்கும்வரை காத்திருந்தது! சபையோரே, பன்னிரண்டு ஒலிபெருக்கிகளில் எது, எவருக்காக, எப்போது காத்திருந்தது?

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: ‘சுருக்கவும்.’ எட்டு மணி நேரம் சீட்டியடித்தவளிடம் யாரும் சுருக்கச் சொல்லவில்லை, ஐயா. இன்னும் சற்று நேரம் தாருங்கள்.

ஆறாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இரண்டு இருபது. காட்சி மேடையின் இரும்புக் கம்பியில் கையூன்றி, பிளாஸ்க்கோடு நின்றேன். அருகே ஓர் அம்மையார். தையற்காரர், விடுமுறை நாளில் மலை பார்க்க வந்தவர். கீழிருந்து சீட்டி கேட்டது. அவர் திடுக்கிட்டுச் சொன்னார்:

“யாரோ கூப்பிடற மாதிரி இருக்குதுங்க.”

நான் புன்னகைத்தேன். படித்தவன் புன்னகை. “இல்லம்மா, அது நீலக்குருவி. பதிவுதான். நான்தான் பண்ணேன்.”

“இல்லைங்க, கீழேருந்து வருது. பொம்பளை கூப்பிடற மாதிரி…”

“எல்லாருக்கும் முதல்ல அப்படித்தாம்மா தோணும். எதிரொலி அது. கேளுங்க, எவ்வளவு துல்லியமா இருக்கு!”

அவர் கேட்டார். என் படிப்பின்மேல் மரியாதை வைத்து, தன் காதை நம்பாமல், போய்விட்டார். நான் நின்று ரசித்தேன். ஆறு முறை என்று எண்ணினேன்கூட. எண்ணிவிட்டு, ‘இதை எந்த ஆண்டு பதிவு செய்தோம்’ என்று யோசித்தேன். முப்பது ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவள் நாற்பதடி கீழே உயிருக்கு அழைக்கிறாள். நான் மேலே நின்று என் கருவியைப் பாராட்டுகிறேன்! இதுதான் ஆறாவது. குற்றவாளி எழுந்துதான் நிற்கிறார்; பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாகியது. அவள் வரவில்லை. மூன்றரையும் ஆகியது. நான்கு மணிக்கு டிக்கெட் கவுண்டர் காவலாளியிடம் ஓடினேன். நான்கு பத்துக்கு மின்சாரம் நின்றது. பன்னிரண்டு குருவிகளும் ஒரே நொடியில், ஒரே சுருதியில், செத்தன. பார்வையாளர்கள் முணுமுணுத்தார்கள். எவரோ கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். மலைமேல், எட்டு மாதத்துக்குப் பிறகு, மௌனம் இறங்கியது. மழைக்கு முந்திய மண்ணைப் போல, மூச்சடக்கிய மௌனம்.

காவலாளி தலையைத் தூக்கினார். “சார், கரண்ட் போயிடுச்சுல்ல?”

“போயிடுச்சுப்பா.”

“அப்ப இது மட்டும் எப்படி சார் பாடுது?”

பதின்மூன்றாவது குருவி பாடிக்கொண்டிருந்தது. ஆறு முறை. ஒரு நிமிடம். ஆறு முறை.

பல்கலைக்கழகம் எனக்கு இரண்டு பட்டங்கள் தந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் அறிவைத் தரவில்லை. கயிறு கட்டி முதலில் இறங்கியவரும் அந்தக் காவலாளிதான். உதடு வெடித்து, ரத்தம் காய்ந்து கிடந்தவள், இரண்டாவதாக இறங்கிய என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

“வீட்லதான் கூப்பிட்டா உங்களுக்குக் காது கேக்காதுன்னு நினைச்சேன். இங்கயும் அப்படித்தானா?”

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். இப்போது இரண்டும் இல்லை. இப்போது கோபம் மட்டும் இருக்கிறது; குளிர்ந்த கோபம், கணக்காகப் பேசும் கோபம். அவளைக் காப்பாற்றியது நம் சங்கமா? அல்ல! நம் கையேடா? அல்ல! என் படிப்பா? அல்லவே அல்ல! அவளைக் காப்பாற்றியது ஒரு மின்தடை. அந்த மின்தடை இனி ஒருபோதும் வராதபடி, ஐயா, ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறீர்கள். அதைத் திறக்க என்னையே அழைத்திருக்கிறீர்கள். ‘இயற்கை ஒலிச் செம்மல்’ என்று ஒரு கேடயமும் செய்து வைத்திருக்கிறீர்கள். சிகரம்வரை இன்னும் முப்பது ஒலிபெருக்கி வைக்கப்போவதாக அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்கள்.

கேடயம் வேண்டாம். பதிவுகளை இன்றே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அறையில் வைத்துக் கேட்க நான் தந்த அனுமதியும் இந்த நிமிடத்தோடு முடிந்தது. வேறு எவரிடமாவது வாங்கி ஒலிபரப்புவீர்கள், அறிவேன். அதனால்தான் கெஞ்சாமல் கேட்கிறேன்.

மலை நமக்குப் பாட்டுக் கச்சேரி நடத்தக் கடன்பட்டதல்ல. குருவி வராத நாள் உண்டு, வராது. மஞ்சு மறைக்கும் நாள் உண்டு, மறைக்கும். ஏமாந்து திரும்பும் பார்வையாளர் திரும்பட்டும்! வெறும் மஞ்சைப் பார்த்துவிட்டுப் போனவர் மறுபடி வருவார். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தவர் வரமாட்டார்.

குளிர்காலத்துக்காக மூடிய மலைப்பாதை பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மறுபடி திறக்கிறது. மருத்துவர் அவளை ஊன்றுகோலோடு நடக்கலாம் என்றுவிட்டார்; அவளும் அன்றே ஏறுவேன் என்கிறாள். “எதுக்கு இப்பவே போகணும்?” என்று கேட்டேன். “அந்தக் குருவிகிட்ட சொல்லாம கொள்ளாம பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். என்ன நினைச்சிருக்கும்?” என்றாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் நிற்கிறவளும் அல்ல. அவள் போவாள். அவளைப்போல இன்னும் பலர் போவார்கள்; அவர்களில் ஒருவர் காலடியிலாவது ஒரு கல் வழுக்கும்.

ஆகவே, தலைவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. அடுத்து ஒருவர் அங்கே விழுந்து அழைத்தால், அந்த அழைப்பை எவர், எப்படிக் கேட்பார்? ஒலிபெருக்கிகளை இறக்கிவிட்டோம் என்பதாக இருந்தால் ஒரு வரி போதும். வேறு பதிலென்றால் எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். பிப்ரவரி ஐந்தாம் தேதி, மாலை ஐந்து மணிக்குள், உங்கள் கையெழுத்தோடு, எழுத்தில் வேண்டும். வராவிட்டால், பாதை திறக்கும் பன்னிரண்டாம் தேதி காலை முதல் காட்சி மேடையில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியை நானே கேட்பேன். குரலை உயர்த்தாமல் கேட்பேன்.

தாழ்ந்த குரலுக்கும் செவி தந்த தாய்மார்களுக்கும், மூத்தோர்களுக்கும், மைக்கைக் குறைத்து வைத்த தம்பிக்கும் நன்றி. எழுத்தில் வரும் பதிலை எதிர்நோக்கி, வணங்கி அமர்கிறேன்.