கயிற்றைப் பிடித்த கைக்குப் பங்கு

பெயர்: ஓர்லின் குவாஷி. வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: சமையல். முகவரி: ஆற்றுமுகத் தெரு, லாங்ஃபோர்ட் விரிகுடா, டொபாகோ தீவு. நாள்: செப்டம்பர் 17, புதன்கிழமை, காலை பத்து இருபது. எழுதிக்கொள்பவர்: காவல் நிலையக் கார்ப்பரல் ஜெரால்ட் டோபி.

நான் மேற்படி முகவரியில் என் சொந்த வீட்டில் வசித்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இருந்தாலும் நான் சொல்லக் கார்ப்பரல் எழுதிக்கொள்வதற்குச் சம்மதிக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

விரிகுடாவின் வடகோடியில் உள்ள ஹோட்டலில் பத்தொன்பது வருடமாகச் சமையல்காரியாக இருக்கிறேன். கார்ப்பரல் முதலில் 'இருந்தேன்' என்று எழுதினார். அதை அடிக்க வைத்தேன். வருடா வருடம் மே மாதம் விருந்தாளிகள் வரத்து குறைந்ததும் எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்டோபர் கடைசியில், வேலைக்குத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் வரும். இடைப்பட்ட மாதங்களில் மழை, ஆற்றுச் சேறு, கரையில் ஒதுங்கி நாறுகிற கடல்பாசி. அந்த மாதங்களில் கடற்கரை எங்களுடையது. மற்ற நாளில் ஹோட்டலின் சாய்வு நாற்காலிகள் கிடக்கிற இடத்தில் அம்ப்ரோஸ் மெல்வில் தன் கரைவலையைக் காயப் போடுவார். இந்த அக்டோபரில் எனக்குக் கடிதம் வருமா வராதா என்பது நான் இன்று என்ன சொல்கிறேன் என்பதைப் பொறுத்தது என்று மேனேஜர் டெஸ்மண்ட் ஆர்ச்சர் என்னிடம் சொல்லிவிட்டார். அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

சென்ற 11ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஏழரை மணி அளவில் அம்ப்ரோஸ் சங்கு ஊதினார். வலை வளைத்தாகிவிட்டது, ஆள் வேண்டும் என்று அர்த்தம். இளவட்டங்கள் எல்லாம் பெரிய தீவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு கயிற்றுக்கும் சேர்த்துப் பதினான்கு பேர்தான் இருந்தோம். நான் தெற்குக் கயிற்றில் நின்றேன். அப்போது ஹோட்டல் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் தோளில் துண்டோடு நடந்து வந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். நல்ல தடித்த கைகள். பெயர் மோரா டங்கன் என்பதும், ஸ்காட்லாந்தில் முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதும் பிறகு தெரிந்தது. அவர் துண்டை மணலில் போட்டுவிட்டு எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார்.

அம்ப்ரோஸ் வடக்குக் கயிற்றுப் பக்கமிருந்து கத்தினார்: "அம்மா, அது படம் எடுத்துக்கிற கயிறு இல்ல, இழுக்கிற கயிறு!"

அதற்கு அந்த அம்மாள், "எங்கிட்ட கேமராவே இல்லப்பா. எந்தப் பக்கம் இழுக்கணும்னு மட்டும் சொல்லு," என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு மேற்படி மோரா ஒன்றேகால் மணி நேரம் எங்களோடு இழுத்தார். நடுவில் உட்காரவில்லை. மீன் சேர்ந்த வலைமடி கரைக்கு வந்தபோது அவர் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது. கடல் தண்ணீரில் கையைக் கழுவியபோது ஒரு வார்த்தை சொன்னார். கார்ப்பரல் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் அதை இங்கே எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கரையில் கயிற்றைப் பிடித்த கைக்குப் பங்கு உண்டு. வலைக்காரர் நினைத்தாலும் அதை மறுக்க முடியாது, இழுத்தவரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கார்ப்பரலின் அப்பா ஒற்றைக் கையோடு இழுத்து முழுப் பங்கு வாங்கினவர். அது கார்ப்பரலுக்கே தெரியும். அந்த முறைப்படி அம்ப்ரோஸ் எட்டுப் பாரை மீன்களைத் தென்னை ஈர்க்கில் கோத்து மோராவிடம் கொடுத்தார். அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே என்னிடம், "இது சும்மா குடுத்தது இல்லையே? நான் சம்பாதிச்சதுதானே?" என்று கேட்டார். "சம்பாதிச்சதுதான். கையப் பாருங்க," என்றேன்.

மறுநாள் 12ஆம் தேதி காலை அவர் மறுபடி கரைக்கு வந்தார். கைகளில் ஹோட்டல் மேஜைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். நேராக அம்ப்ரோஸிடம் போய் மன்னிப்புக் கேட்டார். என்னவென்று விசாரித்ததில், முதல் நாள் மீனோடு உள்ளே நுழைந்தபோது, வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்பது விதி என்று சொல்லி மேனேஜர் ஆர்ச்சர் அதை வாங்கி அவர் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார் என்பதும், இரவுச் சாப்பாட்டுக்கு உறைந்த கோழியைச் சூடு பண்ணிக் கொடுத்தார்கள் என்பதும் தெரிய வந்தது. "உங்க பங்கை நான் காப்பாத்தல," என்று மோரா சொன்னார். அம்ப்ரோஸ் வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் நீங்க இல்லம்மா," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மீனுக்காக இல்லை. மீன் நாளைக்கும் வரும். கை கிழிய உழைத்த மனுஷி வந்து மன்னிப்புக் கேட்டாளே, அதற்காக. கையில் இருந்த காசு வாடகை குறைந்த இந்த மழை மாதத்துக்குத்தான் எட்டியது, அதனால்தான் இப்போது வந்தேன் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். ஹோட்டல் நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, தவளை இருக்கிறது. நான் வேலை பார்க்கிற கடலோரச் சமையலறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனையும் பொறுத்துக்கொண்டவருக்கு அவர் சொந்த மீனைத் தின்ன வழியில்லை.

அதன் பிறகு 15ஆம் தேதி திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. மோரா கட்டுப்போட்ட கையோடு வந்து இழுத்தார். அன்றைக்கு மீன் குறைவு, அடுத்து வலை வளைப்பது புதன்கிழமை என்று அம்ப்ரோஸ் சொன்னார். அவர் பங்கு ஐந்து. அதைக் கொடுக்கும்போது அம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்குப் போய் என் பானை, என் எண்ணெய், உப்பு, இரண்டு எலுமிச்சை, காலையில் இடித்த பச்சை மசாலா, பாதிச் சீமைப்பலா எல்லாவற்றையும் கூடையில் எடுத்துக்கொண்டு மோராவோடு ஹோட்டலுக்கு நடந்தேன். சுவர் ஏறிக் குதிக்கவில்லை, கொல்லைப்புறமாகவும் போகவில்லை. முன்வாசல் வழியாகப் போனேன்.

வாசல் காவலாளி, "மிஸ் ஓர்லின், என்ன, இப்பவே லெட்டர் வந்துடுச்சா?" என்று கேட்டார். "லெட்டர் வரல, மீன் வந்துடுச்சு," என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். அவர் மேல் தவறில்லை.

அடுத்த வரியில் கார்ப்பரல் 'அத்துமீறி நுழைந்தேன்' என்று எழுதினார். 'அத்துமீறி' என்பதை அடிக்க வைத்தேன். நுழைந்தேன். கடலோரச் சமையலறைச் சாவி பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், மற்றவர்களுக்கும் அது வேண்டும். கதவைத் திறந்ததும் ஏப்ரன் கட்டினேன், தலைக்கு வலை போட்டேன், கை கழுவினேன், ஆணியில் தொங்கிய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரம் நான்கு முப்பத்தைந்து. யோசித்துச் செய்யவில்லை, கை பழக்கத்தில் செய்துவிட்டது. எனக்கு மேலே கடைசியாக இருந்த கையெழுத்து மே 9ஆம் தேதி, அதுவும் என்னுடையதுதான். அந்தப் பதிவேடு இப்போது இந்த மேஜை மேல் சாட்சியப் பொருளாக இருக்கிறது. இதை வைத்து என்னைப் பிடித்துவிட்டதாக மேனேஜர் நினைக்கிறார். திருட வந்தவள் எவளாவது நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளா என்று கார்ப்பரலைக் கேட்டேன். அவர் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு அடுப்பைப் பற்ற வைத்தேன். கேஸ் ஹோட்டலுடையது, ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் என்னுடையதும் மோராவுடையதும். மீன் வேகிற வாசனைக்கு விருந்தாளிகள் செருப்பை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஹோட்டலில் இருந்ததே மொத்தம் பதினோரு பேர். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஐந்து மீன் காணாது என்று துண்டு போட்டுச் சீமைப்பலாவோடு குழம்பாக்கினேன். மோரா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "புதன்கிழமை கயிறு இழுக்க வர்றவங்க மட்டும் தட்டை நீட்டுங்க," என்றார். எல்லாத் தட்டும் நீண்டது.

ஐந்து நாற்பதுக்கு மேனேஜர் ஆர்ச்சர் வந்தார். "யாரைக் கேட்டு அடுப்பைப் பத்த வெச்சீங்க, மிஸ் ஓர்லின்?" என்றார்.

"வெளிச் சாப்பாடு உள்ள வரக்கூடாதுன்னீங்களே, மிஸ்டர் ஆர்ச்சர். அதான் உள்ளயே சமைச்சுட்டேன்," என்றேன். மோரா வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

மேனேஜர் போலீசைக் கூப்பிட்டார். கார்ப்பரல் டோபி வந்தார். பானை கழுவி அடுப்பைத் துடைக்கப் பத்து நிமிடம் கேட்டேன், கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் கார்ப்பரல் நின்றுகொண்டே ஒரு வால் துண்டும் கொஞ்சம் குழம்பும் சாப்பிட்டார். இதை எழுத வேண்டாம் என்று இப்போது கேட்டுக்கொண்டார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதால் எழுதப்பட்டது. அதன் பிறகு ஏப்ரனை மடித்து வைத்து, பதிவேட்டில் வெளியேறும் நேரம் ஆறு பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரோடு நிலையத்துக்கு வந்தேன். இன்று வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லி அன்றிரவே வீட்டுக்கு அனுப்பினார்.

நேற்று மேனேஜர் என் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்த கடிதம் ஒன்றைக் கொடுத்தார். நான் செய்தது தவறு, ஹோட்டலிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இனி இப்படி நடக்க மாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் புகாரை வாபஸ் வாங்குவார்கள், அக்டோபரில் கடிதம் வரும். போடாவிட்டால் வழக்கு நடக்கும், கடிதம் வேறு யாருக்காவது போகும். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் சத்தம் போடவில்லை. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "எனக்கும் மேல ஆள் இருக்காங்க, மிஸ் ஓர்லின். ஒரு கையெழுத்துதானே," என்றார்.

"அந்த எட்டு மீனுக்கு நீங்க எப்ப மன்னிப்புக் கேப்பீங்க?" என்று கேட்டேன். அவர் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்குப் பயம் இல்லையா என்று கார்ப்பரல் கேட்டார். இருக்கிறது. என் வீட்டுக் கூரை பாதிதான் மாற்றியிருக்கிறேன், மீதிப் பாதியில் மழை ஒழுகுகிறது. ஐம்பத்து நான்கு வயதில் வேறு எந்தச் சமையலறை என்னைச் சேர்க்கும் என்று எனக்குத் தெரியாது. நேற்று அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன், ஒரு முறை பேனாவையும் எடுத்தேன். அப்போது மோராவின் கை ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கொண்டு வந்து இத்துடன் ஒப்படைக்கிறேன். கையெழுத்துக்கான இடம் காலியாக இருப்பதையும் குறித்துக்கொள்ளவும்.

இன்று காலை நான் காவல் நிலையத்துக்கு நடந்து வரும்போது சங்கு ஊதியது. தெற்குக் கயிற்றில் மோராவுக்குப் பின்னால் ஹோட்டல் விருந்தாளிகள் ஏழு பேர் நின்றார்கள். அம்ப்ரோஸ் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் இங்கே வர வேண்டியிருந்ததால் கயிற்றைப் பிடிக்கவில்லை. ஆகவே இன்று எனக்குப் பங்கு கிடையாது. கேட்கவும் மாட்டேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அத்தனையும் நடந்தது. அடித்தல் திருத்தல் எல்லாம் நான் சொல்லிச் செய்தவை. திங்கட்கிழமை உள்ளே போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டேன், வெளியே வரும்போது ஒன்று போட்டேன், இது மூன்றாவது. நான்காவது, அந்தக் கடிதத்தில், என்னிடமிருந்து வராது.

(ஒப்பம்)
ஓர்லின் குவாஷி,
சமையல்காரி