சாலையின் குறுக்கே காரை நிறுத்தியது தொடர்பாக

என் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது முப்பத்தொன்பது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளராக வேலை செய்து வருகிறேன். மேற்படி விலாசத்தில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் என் கணவருடனும் மகனுடனும் குடியிருக்கிறேன். கணவர் சொந்தமாகச் சலூன் வைத்திருக்கிறார். மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம் உள்ளவன். வீட்டில் அவனைத் துரை என்று கூப்பிடுவோம். எதையும் அவன் சொல்கிற நேரத்தில், அவன் சொல்கிறபடிதான் செய்தாக வேண்டும் என்பதால் அவன் அப்பா வைத்த பெயர் அது. இன்று காலை பயிற்சிப் பள்ளியின் காரைப் பிரதான சாலையில் குறுக்கே நிறுத்திப் போக்குவரத்தைத் தடுத்தது பற்றியும், நாங்கள் மகனைச் சித்திரவதை செய்வதாக எதிர் வீட்டுக்காரர் சொன்ன புகார் பற்றியும் ஆய்வாளர் விசாரித்ததன் பேரில் நடந்ததைச் சொல்கிறேன்.

இன்று என் கணவரின் கடைக்கு விடுமுறை என்பதால் துரைக்கு முடி வெட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். ஊரில் பாதிப் பேருடைய தலை என் கணவர் கைக்கு அடங்கும். துரையின் தலை மட்டும் அடங்காது. மிஷின் சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாது. கத்தரிக்கோல் காதருகே வந்தால் அந்த உரசலே அவனுக்கு வலி. ஆகையால் சாப்பாட்டு மேஜையின் நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, அவன் தோளில் பழைய துண்டைப் போர்த்தித் துணிக் கிளிப் மாட்டி, நான் எதிரே உட்கார்ந்து அவன் முழங்கால்கள் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்படி அழுத்தம் கொடுத்தால்தான் அவன் உடம்பு ஒரு நிலைக்கு வரும். அதன் பிறகு என் கணவர் வெட்ட ஆரம்பித்தார்.

பயம் வந்தால் துரைக்குச் சொந்தமாக வார்த்தை வராது. டிவியில் எப்போதோ கேட்டதுதான் வரும். முடி வெட்டும்போது வருவது ஒரு துப்பறியும் தொடரின் வசனம். “கத்தியைக் கீழே போடு, என்னை ஒண்ணும் பண்ணாதே” என்று, அந்தத் தொடரில் ஒரு பெண் எப்படிக் கத்தினாளோ அதே குரலில், அதே அழுகையோடு கத்துவான். கேட்பவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். எங்களுக்கு அது ‘போதும், கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று அர்த்தம். அவன் அப்படிச் சொன்னதும் என் கணவர் கத்தரிக்கோலைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். துரையே அதை எடுத்து அவர் கையில் கொடுத்தால்தான் மறுபடி வெட்டுவார். “அவன் கொடுக்கவே இல்லன்னா?” என்று ஆய்வாளர் கேட்டார். கொடுக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு அவன் பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு. சலூன்காரர் மகனுக்கு இது புது ஸ்டைலா என்று கேட்டவர்களும் உண்டு.

இடது பக்கம் முடிந்து வலது காதுக்கு வந்தபோது கதவு தட்டப்பட்டது. தட்டியவர் எதிர் வீட்டுக்காரர். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. இந்த மாதம்தான் குடிவந்தார். “உள்ளே என்ன நடக்குது? கதவைத் திறங்க” என்றார். என் கையை எடுத்தால் துரை எழுந்துவிடுவான் என்பதால் நான் இருந்த இடத்திலிருந்தே “கொஞ்சம் இருங்க சார், முடி வெட்டிட்டிருக்கோம்” என்றேன். துரை போட்ட சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அவருக்குக் கேட்டது கத்தி என்ற வார்த்தை மட்டும்தான். அதன் பிறகு அவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, கீழே போய்க் காவலாளியைக் கூட்டிக்கொண்டு வந்து, அவசரத்துக்கு என்று நாங்கள் காவலாளியிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறக்கச் செய்தார். துரை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தாழ்ப்பாளை நாங்களே கழற்றியிருந்தோம். அதற்குள் துரை கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்து, என் கணவர் மறுபடி வெட்ட ஆரம்பித்திருந்தார். திறந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. அந்தச் சத்தத்தில் துரை என் கையை உதறிவிட்டு, வாசலில் நின்ற இருவருக்கும் நடுவே புகுந்து, துண்டோடு படியிறங்கி ஓடிவிட்டான்.

என் கணவர் உடனே அவன் பின்னால் ஓடினார். வேலைக்காக என் பொறுப்பில் இருக்கும் பள்ளிக் காரின் சாவியை நான் கதவோரத்திலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். தாயாக இருந்துகொண்டு நான் ஏன் பின்னால் ஓடவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். மாடிப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது துரை வாசல் கேட்டைத் தாண்டிப் பிரதான சாலைப் பக்கம் திரும்பிவிட்டான். ஓடி அவனைப் பிடிக்க என்னால் முடியாது. பிடித்தாலும் பின்னால் வருகிற வண்டியை நிறுத்த முடியாது. நடுரோட்டில் ஓடுகிற பெண்ணைப் பார்த்தால் பாதிப் பேர் ஹார்ன்தான் அடிப்பார்கள். குறுக்கே நிற்கிற காரைப் பார்த்தால் அத்தனை பேரும் பிரேக் அடிப்பார்கள். தினமும் பழகுகிறவர்களின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து இதைத்தான் பார்க்கிறேன்.

அதன் பிறகு காரை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். அது ஒருவழிச் சாலை. துரை நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கோடு பிசகாமல் நடந்துகொண்டிருந்தான். இரண்டு பக்கமும் வண்டிகள் அவனை உரசுகிற மாதிரி போயின. நான் அவனுக்குப் பின்னால் காரைக் கொண்டுபோய், நாலு இண்டிகேட்டரையும் போட்டு, வண்டியைக் குறுக்கே திருப்பி, ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தினேன். பின்னால் வந்த தண்ணீர் லாரி என் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, “ஏம்மா, எல் போர்டை மாட்டிக்கிட்டு இங்கயா வந்து பழகுறே?” என்று கேட்டார். “அண்ணே, என் பையன் ரோட்ல இருக்கான். சத்தம் தாங்க மாட்டான். ஹார்ன் மட்டும் அடிக்க விடாதீங்க” என்றேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பின்னால் நின்ற வண்டி ஒவ்வொன்றிடமும் போய், “எவனாவது ஹார்ன்ல கை வெச்சா கையை ஒடிச்சிருவேன்” என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த வார்த்தைக்காக அவர்மீது நடவடிக்கை ஏதும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துரை கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் தூக்கினால் திமிறிக்கொண்டு ஓடுவான். ஆகையால் நானும் போய் அவன் பின்னால் உட்கார்ந்து என் முதுகை அவன் முதுகோடு அழுத்தி வைத்துக்கொண்டேன். தார் சுட்டது. அவன் இதயம் அடிப்பது என் முதுகில் தெரிந்தது. அது மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருக்கும்போது என் கணவர் ஓடிவந்து சேர்ந்தார். அவர் கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த எதிர் வீட்டுக்காரர், “அந்தாளைப் பிடிங்க, அவன்தான்” என்று கத்தினார். நெரிசலைப் பார்த்து அங்கே வந்த போக்குவரத்துக் காவலர் என் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, துரையிடம், “தம்பி, இவர் யாரு? உன்னை என்ன பண்ணார்?” என்று கேட்டார்.

துரை, “கத்தியைக் கீழே போடு” என்றான்.

என் கணவர் கத்தரிக்கோலை ரோட்டில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காலரை விடாமல் பிடித்திருந்த காவலரும் கூடவே குனிய வேண்டியதாயிற்று.  கொஞ்ச நேரம் கழித்து துரை எழுந்து, கத்தரிக்கோலை எடுத்து, பிடிப் பக்கமாகத் திருப்பி அப்பா கையில் கொடுத்தான். அவர், “மீதி வீட்ல” என்றார். துரையும், “மீதி வீட்ல” என்றான். பிறகு அவனே நடந்து போய்க் காரின் பின் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். காவலர் காலரை விட்டுவிட்டு, கசங்கிய இடத்தைத் தட்டி நேராக்கிவிட்டார். அதன் பிறகு நான் காரை ஓரம் எடுத்து வழிவிட்டேன். யாருக்கும் காயம் இல்லை.

காரைக் குறுக்கே நிறுத்தியது பதற்றத்தில் நடந்ததா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை. தெரிந்துதான் நிறுத்தினேன். சட்டப்படி எது உண்டோ அதைச் செய்யட்டும். பயிற்சிப் பள்ளி முதலாளிக்கும் நானே சொல்லிவிட்டேன். இதே நிலைமை நாளைக்கு வந்தாலும் இதையேதான் செய்வேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

குழந்தைகள் நல அதிகாரி வந்து துரையைப் பரிசோதித்தார். அவன் முன்கையில் உள்ள பல் தடங்கள் அவனுடையவை. என் தோளில் உள்ளவையும் அவனுடையவைதான். விசாரணை முடியும்வரை அவனைக் காப்பகத்தில் வைக்க வேண்டியிருக்கலாம் என்று அந்த அம்மா முதலில் சொன்னார். பழக்கமில்லாத கட்டிலில் அவன் படுக்க மாட்டான், வேறு யார் ஊட்டினாலும் சாப்பிட மாட்டான் என்று சொன்னேன். அவர் துரையின் வகுப்பு டீச்சரிடம் போனில் வெகுநேரம் பேசிவிட்டு, அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அதுவரை நான் நாற்காலியில் உட்காரவில்லை.

எங்கள் அனுமதி இல்லாமல் கதவைத் திறந்ததற்காக எதிர் வீட்டுக்காரர்மீது புகார் தருகிறீர்களா என்று கடைசியாக ஆய்வாளர் கேட்டார். அவர் அப்போது பெஞ்சில் தன் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என் வேலையைப் பார்த்துட்டு நான் பேசாம இருந்திருக்கணும்மா. தப்பு என்னுதுதான்” என்றார். “அப்படிச் சொல்லாதீங்க சார்” என்றேன்.

துரை இந்த வசனத்தைச் சொல்லிக் கத்தும்போதெல்லாம் எங்கள் மாடியில் மற்ற வீடுகளில் டிவி சத்தம் கூடும். ஜன்னல்கள் சாத்தப்படும். தொந்தரவு செய்யாமல் இருக்கிறார்களே, நல்ல மனிதர்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். உண்மையிலேயே யாராவது என் பிள்ளையை அடித்திருந்தாலும் அவர்கள் அதையேதான் செய்திருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவன் குரலைக் கேட்டு எங்கள் கதவைத் தட்டிய முதல் ஆள் இவர். ஆகையால் இவர்மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை. அடுத்த முறை கேட்டாலும் தட்டச் சொல்லியிருக்கிறேன். திறக்கும்வரை மட்டும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எழுதியதை எழுத்தர் எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. இதில் ஒரு வரியையும் நான் மாற்ற விரும்பவில்லை.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்