பத்துப் படி ஏற முடியுமா?

கண்டக்டர்: கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க கேள்வித் தாள் ஆஸ்பத்திரியிலேர்ந்து மறுபடியும் திரும்பி வந்திருச்சு. பன்னெண்டாவது கேள்வி மட்டும்தான் இடிக்குதாம்.

கொத்தனார்: மூணாவது வாரமா இதே பேச்சு. அங்க உக்காந்திருக்கிறவனுக்கு வேற சோலி இல்லையா?

கண்டக்டர்: ஆராய்ச்சின்னா அப்படித்தான். வயசானவங்களைப் பத்தி வயசானவங்களே போய்க் கேக்கணும்னு ஏற்பாடு. அதான் என்னைச் சேர்த்தாங்க.

கொத்தனார்: முப்பது வருஷம் எல்லாரையும் எறங்கு எறங்குன்னு விரட்டின ஆளு... இப்போ வீடு வீடா ஏறுற.

கண்டக்டர்: ஏறி ஏறி முட்டி வலியே போயிருச்சு. சரி, பத்துப் படி ஏற முடியுமா? முதல் வாரம் முடியும்னீங்க. போன வாரம் முடியாதுன்னீங்க.

கொத்தனார்: எந்தப் படின்னு கேட்டு, போன வாரமே அங்குலக் கணக்கும் சொன்னேனே. ஆறு அங்குலப் படின்னா ஏறுவேன். ஒம்பது அங்குலம்னா கட்டினவனைத் திட்டிக்கிட்டே ஏறணும். கைப்பிடி இல்லேன்னா கீழயே நின்னுருவேன்.

கண்டக்டர்: எழுதிக்கிட்டேன். அப்போ இன்னியோட முடிஞ்சுது.

கொத்தனார்: முடிஞ்சுதுன்னா?

கண்டக்டர்: அடுத்த செவ்வாய் நான் வர வேண்டியதில்ல.

கொத்தனார்: ...ஓ.

கண்டக்டர்: கெளம்பட்டுமா?

கொத்தனார்: உக்காரு. நாலாவது கேள்வியை மாத்தணும்.

கண்டக்டர்: வாரத்துக்கு எத்தனை பேர்கிட்ட பேசுறீங்கங்கிறதா? பத்துப் பேர்னு சொன்னீங்களே.

கொத்தனார்: பொய். ஒருத்தர்.

கண்டக்டர்: மகன்கிட்டயா?

கொத்தனார்: அவன் போன்ல சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சிருவான். அது பேச்சா? செவ்வாக்கிழமை ஒரு ஆளு பையைத் தூக்கிட்டு வருது... அதைச் சொல்றேன். எழுதிக்க. இது தப்புன்னு தாளைத் திருப்பி அனுப்புவாங்கல்ல?

கண்டக்டர்: அனுப்ப மாட்டாங்கண்ணே.

கொத்தனார்: ஏன்?

கண்டக்டர்: உங்க தாளு முதல் வாரமே போய்ச் சேர்ந்திருச்சு. யாரும் திருப்பி அனுப்பல.

கொத்தனார்: அப்போ கையில இருக்கிறது?

கண்டக்டர்: நானே வீட்ல கோடு போட்டு எழுதினது. என் வீட்ல நான் வாயைத் திறந்தா டிவி சத்தத்தைக் கூட்டுறாங்க. இங்க வந்தா திட்டவாவது ஒரு ஆளு இருக்கு... இன்னொண்ணு. நீங்க சொன்ன அங்குலக் கணக்கைக் கூட்டத்துல சொன்னேன். ஆராய்ச்சி நடத்துற டாக்டரம்மா கேள்வியையே மாத்திட்டாங்க. அடுத்த செவ்வாய் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ஆஸ்பத்திரிப் படியை அளந்து சொல்லணுமாம்.

கொத்தனார்: எங்கயும் கைநாட்டு வைக்க மாட்டேன்.

கண்டக்டர்: வேண்டாம். டேப்பு மட்டும் எடுத்துக்குங்க. பொய் சொன்னதுக்குக் கோவமா?

கொத்தனார்: அம்பது வருஷம் செவுரு எழுப்பினவன்யா நான். உன் தாள்ல ஒரு கோடாவது நேரா இருக்கா? போன வாரமே தெரியும். தெரிஞ்சுதான் முடியாதுன்னு பதிலை மாத்திச் சொன்னேன்.