பால் ஊத்தாத டீ

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். மத்தியான வெக்கையில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வண்டி விக்கிரவாண்டியில் நின்றபோது, அதுவரை ஜன்னலில் தலை சாய்த்திருந்த இளையவள் கேட்டாள்.

"பச்சை டீத்தூளுக்குப் பால் ஊத்தக்கூடாதாமேக்கா?"

"அது என்னாடி பச்சை டீத்தூளு?" என்றாள் பெரியவள், கண்ணைத் திறக்காமலே.

"கப்பல்ல வேலை பாக்குதே எந்தம்பி, அது ஜப்பான்லேர்ந்து கொண்ணாந்துச்சு. 'மாமாவுக்குச் சக்கரை வியாதியாச்சே, வெறுந்தண்ணியில போட்டுக் குடுக்கா'ன்னுச்சு."

"உங்க வீட்டுக்காரரு குடிச்சாரா?"

"எங்க! வாயில வெச்சதும் டம்ளரைத் தள்ளிட்டாரு. 'பால் இல்லாம குடுக்கறியே, இது என்னா எழவு வீடா? நான் இன்னும் உசுரோடதான்டி இருக்கேன்'னு ஒரே பேஜாரு. அப்புறம் தெனம் பால் ஊத்திதான் குடுத்தேன். சக்கரையும் போட்டேன்."

"கேட்டா குடுக்காம என்னா பண்ணுவே? விடு."

வண்டி கிளம்பியது. இளையவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவரு போன அன்னிக்கு எங்க வீட்டுல அடுப்பு பத்த வெக்கலக்கா. பக்கத்து வீட்டம்மாதான் வந்த ஜனத்துக்கு டீ போட்டுக்கினு வந்தாங்க. தூளு பத்தலன்னு எங்க அடுப்பாங்கரையிலேர்ந்து அந்தப் பொட்டலத்த எடுத்துக்கினு போயிருக்காங்க. பால் ஊத்தல. எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்க."

பெரியவள் இப்போது கண்ணைத் திறந்தாள்.

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு."